தனக்குத் தானே நாத்தனார்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் தங்கச்சி. பால்காரர், மூலைக்கடைக்காரர், குப்பை வண்டி தள்ளுகிறவர், எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். மாடி அறையில் ஒரு அண்ணனும் தங்கையும் குடியிருக்கிறார்கள், அண்ணன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறார், தங்கை லாண்டரியில் வேலை செய்கிறாள் என்பது தெருவுக்குத் தெரிந்த விவரம். அவள் அவருக்குத் தங்கையே இல்லை, முறையாகக் கட்டிக்கொண்ட பெண்டாட்டி என்பது தெருவுக்குத் தெரியாத விவரம். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. மூடி மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் உண்மையில் சாவி செய்கிறவர். வேறொரு ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அகலத்தில் ஒரு கடை வைத்திருந்தார். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெற்றுச் சாவிகள், ஒரு இடுக்கி, நாலைந்து அரம், தரையெல்லாம் பித்தளைத் தூள். கல்யாணமான புதிதில் அவள் மதியச் சாப்பாட்டைத் தானே கொண்டுபோய், கடைக்குள் தொங்கிய திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் ஊருக்குப் புதுசு. பக்கத்துக் கடைக்காரர்கள்கூட அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவள் பாத்திரத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தபோது வெளியே ஒருவர் வந்து ஒரு சோப்புக்கட்டியை மேஜைமேல் வைத்தார். சோப்பில் ஒரு சாவியின் அச்சு அழகாகப் பதிந்திருந்தது. மடிப்புக் கலையாத சட்டை, மெத்தென்ற குரல், வாய்க்கு வாய் 'தம்பி'. வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்றார். தொலைந்துபோன சாவியை எப்போது ஐயா சோப்பில் அமுக்கினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எந்தச் சாவிக்காரரும் கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் புதுப் பெண்டாட்டி, சாப்பாடு ஆறுகிறது, இந்த மனிதர் சீக்கிரம் போய்த் தொலைந்தால் போதும் என்று அரத்தை எடுத்து ராவிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு வீட்டுக் கதவு, பூட்டு உடையாமல், சாவி போட்டுத் திறக்கப்பட்டது. உள்ளே தனியாக இருந்த பெரியவர் செத்துக் கிடந்தார். செய்தி காதில் விழுந்ததும் சாவிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் திரை இடுக்கு வழியாக அந்த முகத்தைப் பார்த்ததைச் சொன்னாள். அன்று சாயங்காலமே கடைக்கு ஒரு போன் வந்தது. "திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து என்னைப் பார்த்தாங்களாமே உங்க வீட்டுக்காரி. நானும் அவங்களை ஒரு தடவை பார்க்கணும் தம்பி" என்றது அதே மெத்தென்ற குரல். ஸ்டேஷன் சுவருக்குள் சொன்னது பொழுது சாய்வதற்குள் சோப்புக்காரர் காதுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் எந்த ஸ்டேஷன் வாசலை மிதிக்க மனம் வரும்? கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

பஸ்ஸில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. "அவங்க தேடுறது புருஷன் பொண்டாட்டியை. நாம அண்ணன் தங்கச்சின்னு சொல்லிக்குவோம்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இவ்வளவு மூளை இருக்குன்னு உங்க அப்பா சொல்லவே இல்லையே" என்றார். அத்தனை பயத்திலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு அடையாளமாக உடம்பில் இருந்ததையெல்லாம் அவள் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். தன் யோசனையை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வந்து சேர்ந்த ஊரில் கிடைத்தது ஒரு மாடி அறை. நடுவில் பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிற இடம். சாமான் எடுக்கிற சாக்கில் அந்த அம்மாள் எந்த நேரம் வேண்டுமானாலும் மேலே வருவாள். கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. மகன் தூர தேசத்தில் இருந்தான். கீழே தனியாக இருக்கிறவளுக்கு மாடியில் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தது கொண்டாட்டமாகிவிட்டது. காது கொஞ்சம் நீளம், நாக்கு அதைவிட நீளம், மனசு மட்டும் தங்கம். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

ஆகவே அறைக்குள்ளும் வேஷத்தைக் கலைக்க முடியவில்லை. இந்தச் சுவர் ஓரம் ஒரு பாய், அந்தச் சுவர் ஓரம் ஒரு பாய். "அண்ணே, சாப்பிட வாங்க." "இதோ வரேம்மா." இரண்டு பேரும் நாடகத்துக்கு மனப்பாடம் செய்கிறவர்கள் மாதிரி ஆரம்பத்தில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். போகப் போகச் சிரிப்பு வரவில்லை. வாய் பழகிவிட்டது.

அவள் வேலை செய்த லாண்டரிக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து துணி வரும். மூட்டையை அவிழ்த்ததும் முதல் வேலை, கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கோட்டுப் பையையும் தடவிப் பார்ப்பது. ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், ஒரு தடவை யாருடைய பல்செட்டோ இருந்தது. கறை பட்டது தனி, படாதது தனி. வெந்து வந்த விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுத்தால் அப்பளம் மாதிரி விறைப்பாக வரும். அதை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். நாள் முழுக்க இப்படி யாரையாவது நெருங்குவதும் விலகுவதுமாக இருந்துவிட்டு அறைக்கு வந்தால், அங்கே நெருங்குவதற்கே வழியில்லை. இது என்ன பிழைப்பு என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்களுடையது. இரண்டு பேரும் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போவார்கள். அங்கே ஒரு மூடிப்போன செங்கல் சூளை, நாலைந்து மரம், உட்கார ஒரு கல். அவர்களைத் தெரிந்தவர் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். பஸ் திரும்பிப் போனதும் அவள் முதல் வேலையாக "ஏங்க" என்று கூப்பிடுவாள். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சும்மா கூப்பிடுவாள். அவர் "என்னடி" என்பார். அந்த 'டி'யைக் கேட்பதற்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு, வழக்கு முடிந்தால் எந்த ஊருக்குப் போகலாம், கடை எவ்வளவு அகலமாக வைக்கலாம் என்றெல்லாம் பேசுவாள். அவர் தலையை ஆட்டுவார். வழக்கு என்று ஒன்று நடக்கிறதா என்பதே இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லில் உட்கார்ந்திருந்தபோது அவள், "வெயில் வருது, இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் அதுவாகவே வந்தது.

அவர் சிரித்திருக்கலாம். "பரவால்ல விடு" என்றுதான் சொன்னார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் கை அவள் பக்கம் வரவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். கொலைகாரனிடமிருந்து தப்பித்து வந்த புருஷனைத் தானே தொலைத்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

இது போதாதென்று வீட்டுக்காரம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

இதை இரண்டு பேரும் யோசித்திருக்கவே இல்லை. கழுத்தும் கையும் வெறுமையாக ஒரு வயசுப் பெண் அண்ணனோடு குடியிருந்தால் எந்தத் தெரு சும்மா விடும்? எல்லாவற்றையும் யோசித்தவர்கள், புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல மறந்துபோனார்கள். கல்யாணமானவர்கள்தானே, அவளுக்கு இன்னொருவர் மாப்பிள்ளை தேடுவார் என்பது எப்படித் தோன்றும்?

"என்ன தம்பி, தங்கச்சிக்கு எப்போ?" என்பாள் வீட்டுக்காரம்மா, படியில் மறித்துக்கொண்டு.

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம் பார்க்கலாம்னு நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. அவளுக்குத் தலை நரைக்கட்டும். நீங்க ஒரு வாயில்லாப் பூச்சி. உங்களை நம்பினா காரியம் ஆகாது."

அன்று அறையில் அவள் கிசுகிசுத்தாள். "இப்பவாவது சொல்லிடலாமா? எனக்குப் புருஷன் இருக்கான், தூரத்துல வேலை செய்றான்னு?"

"இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. அந்தம்மா கேட்டா தெருவே கேட்ட மாதிரி. வேணாம், கொஞ்சம் பொறு" என்றார் அவர்.

வீட்டுக்காரம்மா பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் இரண்டு பேரும் துணி காயப்போடக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, "இங்க பாருங்க, சிரிங்க" என்று போனை நீட்டினாள். மகன் வாங்கி அனுப்பிய புதுப் போன். பார்க்கிற பூனையையெல்லாம் அதில் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்களும் பூனையோடு பூனையாக நினைத்து விட்டுவிட்டார்கள். படம் நன்றாகவே வந்திருந்தது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், பின்னால் அவர் முடிச்சுப் போட்டபடி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படத்தை அந்த அம்மாள் ஒரு கல்யாணத் தரகருக்கு அனுப்பினாள். பெண் மட்டும் இருக்கிற படமாக வெட்டி அனுப்பத் தெரியவில்லை. தரகர் அதைத் தனக்குத் தெரிந்த தரகர்களுக்கெல்லாம் அனுப்பினார். 'பெண், உடன் அண்ணன், நல்ல குடும்பம்.' அது எத்தனை ஊர் தாண்டி எத்தனை போனுக்குள் போய் உட்கார்ந்ததோ, யாருக்குத் தெரியும்.

"ஒரு நல்ல இடம் வந்திருக்குடி தங்கச்சி. படத்தைப் பார்த்த உடனே அவங்களே போன் பண்ணிட்டாங்க" என்று வீட்டுக்காரம்மா ஓடி வந்து சொன்னபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. "எந்தப் படம்மா?" என்றாள். வீட்டுக்காரம்மா காட்டினாள். அண்ணன் முகம் பளிச்சென்று தெரிந்தது.

அவர் வந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் அந்த அம்மாளைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது? கிடங்குக்கு வருகிற லாரி டிரைவர் ஒருவர் மறுநாள் வடக்கே போகிறார், அவரோடு ஏறிக்கொள்ளலாம், மத்தியானம் வந்து கூட்டிப் போகிறேன், துணியை எடுத்து வை என்றார். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், அவள் பாய் ஓரத்தில் வந்து உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார். "அடுத்த ஊர்ல புருஷன் பொண்டாட்டியாவே இருப்போம்டி. செத்தாலும் பரவால்ல" என்றார். அவள் அவர் வாயைப் பொத்தினாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் அவள் லாண்டரிக்குப் போகவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"எழுந்திரு எழுந்திரு! பொண்ணு பார்க்க வந்துட்டாங்க!"

"யாரும்மா? எனக்கு வேண்டாம்மா..."

"வேண்டாமாம்! வீடு தேடி வந்தவங்களை வாசல்ல நிறுத்தச் சொல்றியா? உங்க அண்ணனுக்கும் கிடங்குக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், வந்துட்டே இருக்கார். மூஞ்சியைக் கழுவு." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்படி வழியாகக் கீழே கூட்டிப்போய்த் தன் உள்ளறையில் உட்காரவைத்துத் தலை வாரத் தொடங்கினாள். "எதுக்கு இப்படி நடுங்கறே? பார்க்கத்தானே வந்திருக்காங்க, கடிச்சா தின்னுடுவாங்க?"

முன்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அவசரமில்லைம்மா. தம்பி வரட்டும். காத்திருக்கோம்."

மெத்தென்ற குரல். அவள் கதவிடுக்கில் பார்த்தாள். பழப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோப்புக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. வீட்டுக்காரம்மா டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் தெருப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள்.

வாசலில் ஒரு கார் நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு, மாப்பிள்ளை என்று சொல்லிக் கூட்டி வந்த இளைஞன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் அவர் வருவது தெரிந்தது. அவள் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போயிடுங்க போயிடுங்க என்று வீசினாள். அவர் நின்றார். காரைப் பார்த்தார், இளைஞனைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. இளைஞன் இன்னும் தலை தூக்கவில்லை. அப்படியே திரும்பி நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் அவர் வரவில்லையென்றால் உள்ளே இருக்கிறவளை அவர்கள் சும்மா விடமாட்டார்கள். இதெல்லாம் அவர் முகத்தில் ஓடுவதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவர் சட்டையிலிருந்த சிமெண்ட் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்து வந்தார். பாவி மனுஷன், வந்தேவிட்டார்.

"வாங்க தம்பி. பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார் சோப்புக்காரர்.

"முன்னாடியே பழக்கமா?" டீத் தட்டோடு வந்த வீட்டுக்காரம்மாவுக்கு முகமெல்லாம் பல். "அப்ப வேலை சுலபமாப் போச்சு!"

"ஒரே ஊர்க்காரங்கம்மா. தம்பி கல்யாணம் பண்ணிக்கிட்டதாகூடக் கேள்விப்பட்டேன். வீட்டுக்காரி எங்கே தம்பி?"

"கல்யாணமா? எங்ககிட்ட மூச்சு விடலையே!" என்றாள் வீட்டுக்காரம்மா.

உள்ளறையில் அவள் கதவிடுக்கில் காதை வைத்தாள். அவர் குரல் நிதானமாக வந்தது. "சொல்ற மாதிரி இல்லைம்மா, அதான் சொல்லல. நான் ஊரை விட்டு ஓடி வந்தப்ப, ஓடிப்போறவனோட எனக்கென்ன குடும்பம்னு அவ பிறந்த வீட்டுக்குப் போயிட்டா. இப்ப வேற யாரையோ கட்டிக்கிட்டுக் கடல் தாண்டிப் போயிட்டதா சொல்றாங்க. நான் தங்கச்சியைக் கூட்டிட்டு இங்க வந்துட்டேன்."

"அப்படியா" என்றார் சோப்புக்காரர். நம்பியும் நம்பாமலும் ஒரு 'அப்படியா'. "பொண்ணைக் கூப்பிடுங்கம்மா. நாலு வார்த்தை பேசிப் பார்ப்போம்."

அவள் வெளியே வந்தாள். வீட்டுக்காரம்மா தட்டை அவள் கையில் கொடுத்தாள். சோப்புக்காரர் டீயை எடுத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். படத்தில் தவிர அந்த முகத்தை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை. அவளோ அவர் முகத்தை மறந்ததில்லை.

"உட்காரும்மா. உங்க அண்ணி எப்படி? நல்ல மாதிரியா?"

தன்னைப் பற்றித் தானே என்ன சொல்வது? நல்லவள் என்று சொன்னால் குரல் உடைந்துவிடும். அப்போதுதான், எந்த நாத்தனார் அண்ணியை நல்லவள் என்று சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது. அவளுடைய சொந்த அத்தை அவள் அம்மாவைப் பேசின பேச்செல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அண்ணியா?" என்று உதட்டைச் சுழித்தாள். "அவளை எதுக்கு அண்ணின்னு சொல்லணும்? ஒரு வேலை உருப்படியாத் தெரியாது, வாய் மட்டும் காது வரைக்கும். சாப்பாடு கொண்டுபோறேன்னு கடைக்குப் போய் உட்கார்ந்துக்குவா, அவர் தொழிலைக் கெடுக்க. அவளாலதான் எங்க அண்ணன் இந்தக் கதிக்கு வந்தார். போனாளே, அதுவே பெரிய புண்ணியம்."

"அப்படிப் பேசாதே" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போச்சு.

"அவ நல்லவ. என்னோட இருந்த வரைக்கும் எனக்கு ஒரு குறையும் வைக்கல. அவளோட இருந்த நாள்தான் நான் மனுஷனா இருந்த நாள். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா?" என்றாள் அவள், சோப்புக்காரரிடமே. குரல் கீச்சென்று எழும்பியது, கோபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். "விட்டுட்டுப் போனவளுக்கு இன்னும் வக்காலத்து! கூடப் பிறந்தவ நான் உழைச்சுப் போடறேன், எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது!"

சோப்புக்காரர் சிரித்துவிட்டார். முதல் தடவையாக நாற்காலியில் உடம்பைத் தளர்த்திக்கொண்டார். "எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, இதே மாதிரி. நாத்தனார்னா எல்லா ஊர்லயும் நாத்தனார்தான்" என்று வீட்டுக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. அவள் பிழைத்தாள்.

பிறகு சோப்புக்காரர் டீயை முடித்துவிட்டு எழுந்தார். "பொண்ணு விஷயம் அப்புறம் பேசுவோம். முதல்ல தம்பி எங்ககூட வந்து எங்க வீட்டைப் பார்க்கட்டும். அதுதானே முறை?"

"ஆமா ஆமா, மாப்பிள்ளை வீட்டை அண்ணன்தான் பார்க்கணும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

சாவிக்காரரும் எழுந்தார். கத்த வேண்டும், இவர் என் புருஷன், இவன் கொலைகாரன் என்று தெரு அதிரக் கத்த வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. கத்தினால், வாசற்படியில் வந்து நின்ற இளைஞனின் கை எங்கே போகும் என்பதை அவன் சட்டைக்குள் புடைத்திருந்தது சொல்லியது. செத்தால் மூன்று பேர், அந்த அப்பாவி அம்மாளையும் சேர்த்து. அவள் புருஷன் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"போயிட்டு வரேம்மா. கதவைச் சாத்திக்கோ" என்றார்.

"சரிங்க அண்ணே" என்றாள்.

கார் கிளம்பிப் போயிற்று. வீட்டுக்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "உனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திடி. ஆனா அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு" என்றாள். அவள் யாரிடம் ஓடுவாள்? போலீசிடம் சொன்னதன் பலனைத்தான் இதுவரை அனுபவித்தாயிற்று. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் அந்த நொடியே ஊருக்குத் தெரியும், அவர் உயிரைக் கொடுத்து வாங்கிய பொய் வீணாகும். மாடிக்குப் போய், கட்டி வைத்திருந்த பையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது, இன்றைக்கும் விடவில்லை.

சாலை ஓரத்தில் லாரி அடித்துப் போட்டுவிட்டதாகச் சொல்லி உடம்பைக் கொண்டுவந்தார்கள். எந்த லாரி என்று யாரும் கேட்கவில்லை. தெருவே திரண்டு வந்துவிட்டது. லாண்டரிப் பெண்கள், கிடங்கு ஆட்கள், மூலைக்கடைக்காரர் எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் இப்படி ஆகிவிட்டதே, என் வாயால்தானே போனார் என்று வீட்டுக்காரம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அவள் சொன்னது எவ்வளவு நிஜம் என்பது அவளுக்கே தெரியாது.

சோப்புக்காரரும் வந்தார். பெண் பார்த்துவிட்டுப் போனவராயிற்றே, வராமல் இருப்பாரா? கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். அவர் பார்வை பிணத்தின்மேல் இல்லை. யார் எப்படி அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டிப் போனதாகச் சொன்ன ஒருத்தி, செய்தி கேட்டு ஓடி வருகிறாளா என்று வாசலையும் பார்த்தார்.

"பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளாமே, அவளுக்குச் சொல்லி அனுப்பினீங்களா?" என்று கூட்டத்தில் ஒரு கிழவி கேட்டாள். "என்னதான் விட்டுட்டுப் போனாலும் கட்டினவன் முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வேண்டாமா?"

"நல்லா கேட்டீங்க" என்றாள் வீட்டுக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு. "கல் நெஞ்சுக்காரி. இப்படி ஒரு மனுஷனை விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ. தங்கச்சி, உங்க அண்ணி எந்த ஊர்ல இருக்கா? யார் மூலமாவது சொல்லி விடுவோமா?"

கூட்டம் அவளைப் பார்த்தது. சுவர் ஓரத்திலிருந்து சோப்புக்காரரும் பார்த்தார். அவள் புருஷனின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கைவிரல் இடுக்கில் சிமெண்ட் இன்னும் போகாமல் இருந்தது. அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வைத்துக்கொள்ளவில்லை.

"அவ வரமாட்டா" என்றாள். "வந்தாலும் நான் உள்ள விடமாட்டேன்."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சோப்புக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் வாசலைத் தாண்டித் தெருமுனை திரும்பும் வரைக்கும், ஒரு தங்கை அண்ணனுக்காக எவ்வளவு அழுவாளோ அவ்வளவு மட்டும் அவள் அழுதாள்.